போலிடா: மடகாஸ்கர் நடுக்களத்தின் இடது பக்கம் (விவாத இழை)

நடுக்கோடு எழுதியது:

நம் ஆப்பிரிக்கக் கால்பந்துப் பகுதியில் எகிப்தையும் நைஜீரியாவையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். மடகாஸ்கர் என்று வந்தால் மட்டும் "2019 ஆப்பிரிக்கக் கோப்பையில் கலக்கினார்களே" என்ற ஒரு வரியோடு நகர்ந்துவிடுகிறோம். அந்த அணியில் எனக்கு மிகவும் பிடித்தவர் இடது பக்க நடுகள வீரர் லலாய்னா நோமென்ஜனஹரி. அவர் ஊரில் எல்லாருக்கும் அவர் போலிடாதான், நானும் அப்படியே எழுதுகிறேன். ஓய்வு பெற்றுவிட்டார். அவரைப் பற்றித் தமிழில் ஒரு முழுப் பதிவாவது இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

1986 ஜனவரியில் தலைநகர் அந்தனனரிவோவில் பிறந்தவர், அஜேசாயா என்ற உள்ளூர் கிளப்பில் வளர்ந்தவர். அந்தக் காலத்து மடகாஸ்கர் லீக்கைக் கொஞ்சம் புரிந்துகொண்டால்தான் இவர் கடந்து வந்த தூரம் தெரியும். தீவின் நீளம் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். சாலைகள் மோசம், மழைக்காலத்தில் பல வழிகள் அடைபட்டுவிடும். ஆண்டு முழுவதும் ஊர் ஊராகப் போய் ஆடும் லீக் நடத்த முடியாது. அதனால் பிராந்திய வாரியாகப் போட்டி வைத்து, அங்கே வென்ற அணிகளைக் கடைசியில் ஒன்றாகக் கூட்டி ஆடவைப்பார்கள். இப்படி ஆடுகிறவனுக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் நல்ல ஆட்டங்களே குறைவு. ஐரோப்பாவில் இருந்து வந்து பார்த்துப் பொறுக்கிச் செல்ல ஆளும் இல்லை.

அந்த இடத்திலிருந்து இருபதுகளின் நடுவில் பிரான்சுக்குப் போய், ஆர்.சி. லான்ஸ் அணியில் இடம் பிடித்தார். லான்ஸ் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். ஊர் மக்கள் தொகையைவிட அவர்களுடைய போலேர் மைதானத்தின் இருக்கைகள் அதிகம். 2014-இல் அணி முதல் டிவிஷனுக்கு ஏறியது. ஆனால் அந்தப் பருவம் ஒரு சோதனை. அஜர்பைஜானைச் சேர்ந்த உரிமையாளர் ஹஃபிஸ் மமதோவ் தருவதாகச் சொன்ன பணம் வந்து சேரவில்லை, புது ஆள் எடுக்கத் தடை, யூரோ 2016-க்காக மைதானத்தில் கட்டுமான வேலை. சொந்த ஆட்டங்களை அமியானில் போய் ஆடினார்கள். கடைசி இடத்தில் முடித்துத் திரும்பவும் கீழே இறங்கினார்கள். அப்படிப்பட்ட அணியிலும் தாக்குப்பிடித்தவர் போலிடா.

பிறகு 2016-இல் பாரிஸ் எஃப்.சி. அப்போது அந்த அணி மூன்றாம் டிவிஷனில் இருந்தது. முப்பது வயதில் ஒரு படி இறங்கிப் போனவரைப் பார்த்து, இனி இவருக்கு அவ்வளவுதான் என்று யாரும் நினைத்திருப்பார்கள். மூன்று ஆண்டு கழித்து, 33 வயதில், அந்த ஆப்பிரிக்கக் கோப்பையில், எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் நைஜீரியாவுக்கு எதிராகப் பதின்மூன்றாவது நிமிடத்தில் கோல் போட்டார். நைஜீரிய டிஃபெண்டர் பாலோகன் பின்னால் நின்று பந்தை அசட்டையாகத் தட்டிவிட, இவர் பாய்ந்து பிடுங்கி, கோல்கீப்பர் எசென்வாவையும் சுற்றிக்கொண்டு போய் உள்ளே தள்ளினார்.

இரண்டாம் டிவிஷனில் ஆடுகிறவர்களை நாம் எப்படி மதிப்பிடுகிறோம் என்ற கேள்வியை இந்த மனிதரை வைத்துப் பேச விரும்புகிறேன். வாருங்கள்.

கார்னர்கிக் எழுதியது:

நல்ல இழை. ஆனால் உணர்ச்சியில் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட வேண்டாம் நண்பரே. நைஜீரியா அந்த ஆட்டத்துக்கு வரும்போதே இரண்டு வெற்றியோடு அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றிருந்தது. அவர்களுடைய பயிற்சியாளர் ரோர் ஆட்களை மாற்றி இறக்கினார். அந்த 2-0 ஸ்கோரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது.

இன்னொன்று, 2019 மடகாஸ்கர் அணியைத் தூக்கி நிறுத்தியது பிரான்சில் வளர்ந்த வீரர்கள். மார்செய், லியோன் என்று பெரிய கிளப்புகளில் ஆடிய ஜெரெமி மொரெல் பின்வரிசைக்கு வந்தார். ரான்சில் ஆடிக்கொண்டிருந்த தோமா ஃபொந்தேன், அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆடிய ரொமேன் மெத்தானிர், நடுக்களத்தில் பெல்ஜியத்தின் சார்லருவா அணியின் மார்கோ இலைமஹரித்ரா. இவர்கள் பிரெஞ்சுப் பயிற்சி முறையில் உருவானவர்கள். தீவின் கால்பந்துக்கு இதில் எவ்வளவு பங்கு என்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மலர்விழி எழுதியது:

கார்னர்கிக், நிதானமாகவே பார்ப்போம். அந்தத் தொடரில் மடகாஸ்கர் போட்டது மொத்தம் ஏழு கோல். கினியாவுக்கு எதிராக அனிசேயும் கரோலுஸும். புருண்டிக்கு எதிராக இலைமஹரித்ராவின் ஃப்ரீ கிக். நைஜீரியாவுக்கு எதிராக போலிடாவும் மறுபடி கரோலுஸும். காங்கோ ஜனநாயகக் குடியரசுக்கு எதிராக அமாடாவும் கேப்டன் ஃபனேவாவும். இதில் பிரான்சில் பிறந்தவர் இலைமஹரித்ரா ஒருவர்தான். மீதி ஆறு கோலும் தீவில் பிறந்து தீவில் ஆடத் தொடங்கியவர்களின் காலில் இருந்தோ தலையில் இருந்தோ வந்தவை.

பின்வரிசையில் நீங்கள் சொன்ன மூவரின் பங்கை நான் மறுக்கவில்லை. கட்டுக்கோப்பு அவர்களால் வந்தது. ஆனால் எதிரணி எல்லைக்குள் போய் ஆட்டத்தை முடித்தவர்கள் யார் என்பதற்குக் கணக்கே சாட்சி.

நைஜீரியா ஆட்களை மாற்றியது உண்மை. முதலிடமா இரண்டாமிடமா என்பது அதில்தான் முடிவானது என்பதும் உண்மை. மடகாஸ்கர் ஏழு புள்ளியோடு குழுவில் முதலிடம், நைஜீரியா ஆறு புள்ளியோடு இரண்டாமிடம். அதனால் நைஜீரியா அடுத்த சுற்றில் கேமரூனோடு மோத வேண்டியதாயிற்று. விளையாட்டாக எடுத்துக்கொண்ட ஆட்டம் இல்லை அது.

வடகடல் எழுதியது:

பாரிசில் இருந்து எழுதுகிறேன். பாரிஸ் எஃப்.சி. ஆட்டங்களுக்கு ஷார்லெத்தி மைதானத்துக்குப் போனவன் என்ற முறையில் போலிடா பற்றி இரண்டு விஷயம் சொல்ல முடியும்.

ஷார்லெத்தி ஓட்டப்பந்தயத்துக்கும் சேர்த்துக் கட்டிய மைதானம். புல்தரைக்கும் இருக்கைக்கும் நடுவே ஓடுதளம் இருப்பதால் ஆட்டக்காரர்கள் தூரத்தில் தெரிவார்கள். கூட்டமும் அப்போது குறைவு, பயிற்சியாளர் கத்துவது இருக்கை வரை கேட்கும். அந்த அமைதியில் ஒரு வீரர் பந்து இல்லாதபோது என்ன செய்கிறார் என்று பார்ப்பது சுலபம். போலிடா பந்து பறிபோன அடுத்த நொடியே திரும்பி ஓடுவார். பக்கவாட்டு டிஃபெண்டர் மேலே ஏறிவிட்டால் அந்த இடத்தை இவர் போய் நிரப்பிவிட்டு, யாரும் கேட்காமலேயே அங்கேயே நிற்பார். இரண்டாம் டிவிஷனில் இந்த வேலையைச் செய்யாத விங்கருக்கு இடமே கிடைக்காது. பாலோகனிடம் பந்தைப் பறித்தாரே, அதன் வேர் இந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

இன்னொரு செய்தி. 2017-இல் அந்த அணி இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியதே பாஸ்தியா கிளப் நிதிக் குளறுபடியால் கீழே தள்ளப்பட்டதால்தான். பிளே ஆஃபில் தோற்ற பிறகு கிடைத்த இடம். இரண்டே ஆண்டில் 2019 மே மாதம் முதல் டிவிஷனுக்கான பிளே ஆஃபில் நின்றார்கள். எதிரணி யார் தெரியுமா? லான்ஸ். ஷார்லெத்தியில் 1-1, பெனால்டியில் லான்ஸ் வென்றது. போலிடாவின் பழைய கிளப் புதுக் கிளப்பின் கனவைக் கலைத்த அந்த மாதம் முடிந்ததும் ஆப்பிரிக்கக் கோப்பை.

சேந்தன் எழுதியது:

போலிடா சரி. ஆனால் நடுக்களம் என்று தலைப்பு வைத்துவிட்டு இப்ராஹிம் அமாடாவை விட்டால் எப்படி அண்ணா?

என் பார்வையில் அந்த அணியின் மூச்சு அமாடாதான். அகடமி நி அந்த்சிகாவில் வளர்ந்தவர். 2008-இல் மடகாஸ்கர் சாம்பியனான அணி அது. அவர் பிரான்ஸ் பக்கம் போகவில்லை, அல்ஜீரியா போனார். க்ரூப், ஹர்ராஷ், செதீஃப் என்று அங்கேயே பல ஆண்டு. அல்ஜீரிய லீக் எப்படி என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். நடுக்களத்தில் பந்தை வாங்கித் திரும்புவதற்குள் இரண்டு பேர் மேலே விழுவார்கள், மைதானமே அதிரும் கூட்டம், தோற்றால் ஊருக்குள் நடமாட முடியாது. உயரமும் இல்லாத, கட்டுமஸ்தான உடம்பும் இல்லாத ஒருவர் அங்கே நிலைத்து நின்றாரே, அதுவே அவர் தரம்.

காங்கோவுக்கு எதிரான ஆட்டத்தின் ஒன்பதாவது நிமிடத்தை மறுபடி பாருங்கள். பெட்டிக்கு வெகு தூரத்தில் பந்து. யாரும் நெருக்கவில்லை. அமாடா ஒரு முறை தலையைத் தூக்கிப் பார்க்கிறார், அடிக்கிறார், மேல் மூலையில் போய்ச் சொருகுகிறது. அந்தத் தொடரின் மிக அழகான கோல்களில் ஒன்று என்று நான் எங்கே வேண்டுமானாலும் வாதாடுவேன். பகாம்பு சமன் செய்தார், 77-இல் ஃபனேவா மறுபடி முன்னிலை, 90-ஆவது நிமிடத்தில் எம்பெம்பா தலையால் முட்டி 2-2. கூடுதல் நேரம் தாண்டிப் பெனால்டியில் 4-2. கடைசி நிமிடத்தில் வெற்றி கைநழுவிய பிறகும் அந்த அணி உடையவில்லை, அதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன்.

நடுக்கோடு எழுதியது:

சேந்தன், அமாடாவை விடும் எண்ணமே இல்லை, உங்களுக்காகத்தான் வைத்திருந்தேன்.

நீங்கள் சொன்னதில் இருந்து ஒரு விஷயம் பிடிபடுகிறது. அந்த நடுக்களத்தில் இருந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் வந்தவர்கள். அமாடா அல்ஜீரியா வழி. கரோலுஸும் அல்ஜீரியாவில் ஆடியவர்தான். போலிடா பிரெஞ்சு இரண்டாம் டிவிஷன் வழி. அனிசே ஆபெல் பல்கேரியா வழி. வேறு சிலர் பக்கத்துத் தீவான ரெயூனியோன் வழி. அங்கே சம்பளம் மடகாஸ்கரைவிட எவ்வளவோ மேல், அதனால் தலைமுறை தலைமுறையாக மடகாஸ்கர் வீரர்கள் அந்த லீக்குக்குப் போயிருக்கிறார்கள்.

அனிசேயைப் பற்றி நம்மில் பலர் யோசித்திருக்க மாட்டோம். ரஸ்கிராட் என்ற சிறு நகரத்து லுடோகோரெட்ஸ் அணியில் பல ஆண்டு ஆடியவர். 2014-15 சாம்பியன்ஸ் லீக்கில் ரியல் மாட்ரிட், லிவர்பூல், பாசல் அணிகளோடு ஒரே குழுவில் இருந்த அணி அது. சோபியாவில் லிவர்பூலை 2-2 என்று மடக்கினார்கள். மடகாஸ்கரின் தேசிய அணி உலகத் தரவரிசையில் 190-ஆம் இடத்தில் கிடந்த அதே 2014-இல், அந்த அணிக்காரர் ஒருவர் சாம்பியன்ஸ் லீக் கிளப்பில் இருந்தார். திறமை இருந்தது, ஒன்றாகக் கூட்டுவதற்கு ஆள் இல்லை.

கூட்டியவர் நிக்கோலா துப்புய். 2017-இல் இருந்து தேசிய அணிக்குப் பயிற்சியாளர். அதே நேரத்தில் பிரான்சின் நான்காம் டிவிஷனில் ஃப்ளெரி என்ற கிளப்புக்கும் அவரே பயிற்சியாளர். இரண்டு வேலையையும் சேர்த்துப் பார்த்தார். பெரிய பெயர் உள்ள யாராவது வந்திருந்தால் இரண்டாம், மூன்றாம் டிவிஷன் ஆட்களை இவ்வளவு தெளிவாகப் படித்திருப்பாரா என்பது சந்தேகமே.

கார்னர்கிக் எழுதியது:

கோல் கணக்கு வலுவான வாதம், ஏற்கிறேன். துப்புய் விஷயமும் சரி.

ஆனால் அதற்குப் பிறகு என்ன ஆனது? காலிறுதியில் துனிசியாவிடம் 3-0. அடுத்த ஆப்பிரிக்கக் கோப்பைக்குத் தகுதியே பெறவில்லை, 2021-இல் துப்புயை நீக்கினார்கள். அந்த இடத்துக்கு வந்தவரும் ஒரு முன்னாள் நடுகள வீரர்தான். பாரிஸ் சான் ஜெர்மைன் (பி.எஸ்.ஜி.) அணியில் 1997 முதல் 2001 வரை ஆடிய எரிக் ரபேசாந்த்ரதானா. பாரிஸ் புறநகரில் பிறந்தவர், மடகாஸ்கர் வேர் உள்ளவர். 1997-இல் ஸ்தேவுவா புகாரெஸ்ட் அணியிடம் வாங்கிய மூன்று கோல் பின்னடைவை 5-0 என்று திருப்பிய ஆட்டத்தில் ஆடியவர். ஆட்டக்காரராக போலிடா, அமாடா எல்லாரையும்விட உயரத்தில் இருந்தவர். பயிற்சியாளராக உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் குழுவின் கடைசி இடம்தான் கிடைத்தது, சீக்கிரமே போய்விட்டார். 2019 ஒரு தலைமுறை தற்செயலாக ஒன்றுசேர்ந்த நேரம், அடித்தளம் எதுவும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மலர்விழி எழுதியது:

அடித்தளம் பலவீனம் என்பதை நான் வேறு இடத்தில் இருந்து சொல்கிறேன். இதைப் பேசாமல் இந்த இழை முழுமையாகாது.

2018 செப்டம்பர் 9, மகமசினா மைதானம், செனகலோடு தகுதிச் சுற்று ஆட்டம். சாடியோ மானே ஆடுவதைப் பார்க்க அந்தனனரிவோவே திரண்டது. நுழைவாயிலில் நெரிசல். ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. அதற்கடுத்த மாதம் எக்வடோரியல் கினியாவை வெளியூரிலும் உள்ளூரிலும் 1-0, 1-0 என்று வென்றுதான் முதன்முறையாக ஆப்பிரிக்கக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அந்த இரண்டாவது ஆட்டம் மகமசினாவில் நடக்கவில்லை, வொந்தொவொரோனாவில் நடந்தது.

அடுத்த ஆண்டு ஜூன் 26, மடகாஸ்கர் சுதந்திர நாள். அதே மகமசினாவில் இலவச இசை நிகழ்ச்சி, அதே மாதிரி வாயில் நெரிசல், பதினாறு பேர் இறந்தார்கள். மறுநாள் எகிப்தில் புருண்டிக்கு எதிராக இந்த அணி களமிறங்கியது. 76-ஆவது நிமிடத்தில் இலைமஹரித்ராவின் ஃப்ரீ கிக் உள்ளே போனபோது அது வெறும் மூன்று புள்ளிக்கான கோலாக எனக்குத் தெரியவில்லை. 2023 ஆகஸ்டில், இந்தியப் பெருங்கடல் தீவுகள் போட்டியின் தொடக்க விழாவில், புதுப்பித்துக் கட்டிய அதே மைதானத்தின் வாயிலில் மறுபடி நெரிசல், குறைந்தது பன்னிரண்டு பேர் இறந்தார்கள். இருக்கைகளை மாற்றிக் கட்ட முடிந்தவர்களால் மக்கள் உள்ளே வரும் வழியைச் சரிசெய்ய முடியவில்லை. எனக்கு இதில் கோபம் குறையவே இல்லை.

வடகடல் எழுதியது:

மலர்விழி எழுதியது வேண்டிய பதிவு. நன்றி.

கார்னர்கிக் சொன்ன "அடித்தளம் இல்லை" என்பதில் ஒரு பாதியை மட்டும் ஒப்புக்கொள்வேன். ஆப்பிரிக்க நாடுகளுக்கான சான் போட்டியை நினைத்துப் பாருங்கள். சொந்த நாட்டு லீக்கில் ஆடுகிறவர்களை மட்டுமே அதில் இறக்க முடியும். மொரெல் வர முடியாது, இலைமஹரித்ரா வர முடியாது. 2023 தொடக்கத்தில் அல்ஜீரியாவில் நடந்த அந்தப் போட்டியில் மடகாஸ்கர் மூன்றாமிடம். பயிற்சியாளர் உள்ளூர்க்காரர் ரொமுவால்த் ரகோதொந்த்ரபே. 2025 ஆகஸ்டில் இறுதிப் போட்டி வரை போய், நைரோபியில் மொராக்கோவிடம் 3-2 என்று தோற்றார்கள். மொராக்கோவின் லம்லியுயி பாதி மைதானத்தில் இருந்து அடித்த மாதிரி ஒரு கோல் அடிக்காமல் இருந்திருந்தால் அது எந்தப் பக்கமும் போயிருக்கும்.

இது 2019-க்கு முன்னால் நடக்கவே இல்லை. போலிடா காலத்தில் அஜேசாயா மாதிரி ஒரு கிளப்பில் ஆடிய பையனுக்கு, தன் லீக்கில் இருந்து நேராக ஆப்பிரிக்க இறுதிப் போட்டிக்குப் போகலாம் என்று நினைக்க ஒரு காரணமும் கிடையாது. இப்போது இருக்கிறது.

சேந்தன் எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள். 2019-இல் அணி ஊர் திரும்பியபோது இவாதோ விமான நிலையத்தில் இருந்து நகரம் வரை சாலையோரம் முழுக்க மக்கள் நின்ற காட்சியைப் பார்த்திருப்பீர்கள். வீரர்களுக்கு நாட்டின் உயரிய விருதைக் கொடுத்தார்கள். அன்று சாலையோரம் நின்ற பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் இப்போது கிளப்புகளுக்குள் நுழையும் வயதில் இருக்கிறார்கள்.

ஆனால் கார்னர்கிக் கவலையும் நியாயமானது. 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மடகாஸ்கர் தன் "சொந்த" ஆட்டங்களைக்கூட வெளிநாட்டில் போய் ஆட வேண்டியிருந்தது. மைதானத்துக்கு அனுமதி இல்லை. அந்தச் சுற்றில் நன்றாகவே ஆடினார்கள், உள்ளூர்க் கூட்டத்தின் நடுவே ஆடியிருந்தால் எவ்வளவு வேறாக இருந்திருக்கும்!

கார்னர்கிக் எழுதியது:

சான் போட்டியை எடுத்துக்காட்டியது நல்ல பதில். அதை வைத்துப் பார்த்தால் என் கேள்வி கொஞ்சம் மாறுகிறது. உள்ளூர் லீக்கில் ஆள் இருக்கிறார்கள், சரி. அவர்கள் 21, 22 வயதில் எங்கே போகப் போகிறார்கள்? போலிடா பிரான்ஸ் போனதே இருபதுகளின் நடுவில். 19 வயதில் போயிருந்தால் லான்ஸில் அவர் முதல் டிவிஷனில் ஒரே ஒரு பருவத்தோடு நின்றிருக்க மாட்டார். இந்தத் தாமதம்தான் மடகாஸ்கர் வீரர்களின் உண்மையான பிரச்சினை என்பேன். பிரான்சில் பிறந்த மொரெலுக்கு 17 வயதிலேயே கிடைத்த பயிற்சிக்கூடம் இவருக்குக் கிடைக்கவில்லை.

நடுக்கோடு எழுதியது:

இந்தப் புள்ளியில் நாம் இருவரும் ஒரே பக்கம். நான் இழை தொடங்கும்போது கேட்டதும் இதுதான். இரண்டாம் டிவிஷன் ஆட்டக்காரர் என்று ஒருவரை ஒதுக்கும்போது, அவர் எங்கே தொடங்கினார், எந்த வயதில் கதவு திறந்தது என்பதை நாம் கணக்கில் எடுப்பதில்லை. தாமதமாகத் திறந்த கதவு வழியாக வந்த போலிடா, அமாடா, அனிசே, கரோலுஸ், ஃபனேவா ஐந்து பேரும் சேர்ந்து போட்ட ஆறு கோல்தான் அந்த அணியைக் காலிறுதி வரை கொண்டுபோனது.

மலர்விழி எழுதியது:

புதிதாக இந்த இழைக்கு வருகிறவர்களுக்கு: சுருக்கக் காட்சிகளை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். நைஜீரியா ஆட்டத்தின் இரண்டாம் பாதியை முழுதாகப் பாருங்கள். 53-இல் கரோலுஸின் ஃப்ரீ கிக் நைஜீரியாவின் நிதிதி மேல் பட்டுத் திரும்பி உள்ளே போகிறது. அதற்குப் பிறகு நடுக்களம் எப்படி நிற்கிறது என்பதில் கண்ணை வையுங்கள். அடுத்த வாரம் துனிசியா ஆட்டத்தைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன். ஃபொந்தேன் மேல் பட்டுத் திசை மாறிய சாசியின் கோல் வரை ஆட்டம் எப்படி இருந்தது என்பதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. சேந்தன், அமாடாவின் அல்ஜீரிய ஆண்டுகளை நீங்கள் எழுதுங்கள்.

சேந்தன் எழுதியது:

எழுதுகிறேன் அக்கா. ஹர்ராஷ் காலத்து ஆட்டக் காட்சிகள் சில கிடைத்திருக்கின்றன, அவற்றில் இருந்து தொடங்குகிறேன்.